பூடிலுக்கு நேர்ந்துகொண்ட முதல் முடி

பூடில் நாய் வாங்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் வந்தால் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன். அதற்கு முடி கொட்டாது, வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் தோல்வரை சீப்பு இறங்க வேண்டும், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். வீடெல்லாம் முடி உதிராது என்று சொல்லித்தான் என் தம்பி சென்னையிலிருந்து அந்தக் குட்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனான். உதிராத முடி எங்கே போகும் என்று கேட்கும் புத்தி எங்களில் ஒருவருக்கும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள், வெட்கக்கேடு.

அதுவரை எங்கள் வீட்டில் நாய் கிடையாது. அப்பா விடமாட்டார். கூலி உயர்வு கேட்டு அப்பாவும் மற்றக் கூலியாட்களும் வயலில் இறங்காமல் நின்ற வருஷம், பண்ணையார் தன் வீட்டு நாயை ஏவிவிட்டார். அப்பாவின் கெண்டைக்காலில் ஒரு கவளம் சதை இன்றும் இல்லை. பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் எங்களுக்கு நிலம் வந்தது, பட்டா வந்தது, எங்களுக்குப் படிப்பு வந்தது. தெருவில் நாயைக் கண்டால் அவர் ஒதுங்குவது மட்டும் போகவில்லை. ஆனால் சுருட்டை முடியோடு வந்து நின்ற இந்தக் குட்டியைப் பார்த்து, “இது நாயா? செம்மறிக்குட்டி மாதிரில்ல இருக்கு” என்றார். அன்றே அது அவர் மடியில் ஏறிவிட்டது.

வந்த மாதமே அதற்கு வாந்தியும் ரத்தபேதியும் கண்டு, பிழைக்காது என்றாகிவிட்டது. பிழைத்தால் முதல் முடியை உன் சன்னதியில் இறக்குகிறேன் என்று அப்பா குலசாமிக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தது. கோயிலுக்குக் கிளம்பும் சமயத்தில் பங்காளி வீட்டில் ஒரு சாவு. வருஷம் திரும்பும்வரை நாங்கள் கோயிலுக்குப் போகக் கூடாது.

அத்தனை மாதமும் அதன்மேல் கத்தரி படவில்லை. சீப்பும் மேலோட்டமாகத்தான். நேர்ந்த முடி சிக்கில் பிய்ந்து கீழே விழுந்தால் சாமிக் குற்றமாம். நானும் தலையாட்டினேன். அதோடு விட்டேனா, வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். அப்பாவோடு வயலுக்குப் போய்ச் சேறும் பதருமாகத் திரும்பும். தொட்டால் மெத்தென்று இருக்கும். “நல்லா புஷ்டியா ஆயிடுச்சு” என்பார்கள் பக்கத்து வீட்டில். எங்களுக்குப் பெருமை தாங்காது.

தை அறுவடை முடிந்த கையோடு அது தலையைச் சாய்த்துக்கொண்டே நடந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. திமிர் என்று நினைத்துத் திட்டினேன். நாற்றம் வந்த பிறகுதான் அப்பாவும் நானும் ஒரத்தநாட்டில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

அவர் முடிக்குள் விரலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. “மெஷின் போட்டு மொத்தமா எடுக்கணுங்க” என்றார்.

“சாமிக்கு நேர்ந்ததுங்க. இன்னும் ரெண்டு மாசந்தான்” என்றார் அப்பா.

டாக்டரம்மா மெஷினை எடுத்தார்.

இழை இழையாக வரவில்லை. கம்பளிபோல ஒரே துண்டாக உரிந்து வந்தது. அடியில் பச்சை ரணம். முன்னங்கால் இடுக்கில் புழு. காதுக்குள் அடைத்திருந்த முடியை இடுக்கியால் இழுத்தபோது சீழோடு நெல் பதரும் வந்தது. புஷ்டி என்று நாங்கள் தடவிக்கொடுத்ததெல்லாம் வெறும் முடி. உள்ளே விலா எலும்பை எண்ணலாம். இத்தனையும் என் வீட்டில், என் கண்ணெதிரே, என் கையால் எண்ணெய் தேய்த்து நடந்திருக்கிறது.

இப்போது மேஜைமேல் நின்றது செம்மறிக்குட்டி இல்லை. நீண்ட மூக்கு, ஒல்லிக் கால், ஒட்டிய வயிறு, அசல் நாய். அப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டார். கை தானாகக் கெண்டைக்காலுக்குப் போனது. அது அவரைப் பார்த்து வாலாட்டியது.

“இடது காது இனிமே கேக்காதுங்க” என்றார் டாக்டரம்மா.

அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார்: “பண்ணை நாய் என்னை ஒரு தடவதான் கடிச்சிச்சு. நான் இத ஒரு வருஷமா தின்னுருக்கேன்.”

சுவரை விட்டு வந்து, அதன் வலது பக்கமாகப் போய்த் தூக்கிக்கொண்டார்.