காயாத சிவப்பு

சரியாக மாலை நாலே கால் மணிக்கு, என் அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்த பெரியவர் எங்கள் கண்ணாடி வீட்டின் இரும்புத் தூணை உள்ளங்கையால் இறுகப் பிடித்தார். பிடித்ததோடு விட்டிருந்தால்கூடப் பாதகமில்லை. சந்தையில் மாடு வாங்க வந்தவர் அதன் முதுகைத் தடவுவதுபோல மேலும் கீழுமாகத் தடவினார். கூடத்துக் கடிகாரம் கால் மணிக்கு ஒருமுறை அடிக்கும் வகை. அந்த ஒற்றை அடி தோட்டம்வரை கேட்டது. அம்மா கண்களை மூடிக்கொண்டாள். மாமா வானத்தைப் பார்த்தார்.

திண்டிவனத்தில், அதுவும் நாற்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மல்லாட்டை வியாபாரியின், அதாவது வேர்க்கடலை வியாபாரியின், தோட்டத்துக்குக் கண்ணாடி வீடு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரத்தில் ரயில்வே எஞ்சினீயர் துரை ஒருவர் இருந்தார். அவர் மனைவிக்குச் சீமைச் செடிகள்மீது ஆசை. பங்களாத் தோட்டத்தில் இரும்புச் சட்டம் நிறுத்தி, கூரை முதல் சுவர் வரை கண்ணாடி பதித்துச் செடிகளுக்கு ஒரு வீடு கட்டினார்கள். குளிர் தேசத்தில் செடிக்குக் கதகதப்பு வேண்டுமென்று கட்டுவது அது. விழுப்புரத்து வெயிலில் அதைக் கட்டிவிட்டு, செடிகள் கருகாமலிருக்கக் கண்ணாடி முழுவதும் சுண்ணாம்பு அடித்து, கூரைச் சன்னல்களைத் திறந்து வைத்து, நாளெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்களாம். துரை ஊருக்குத் திரும்பியபோது மேசை, நாற்காலி, குதிரை எல்லாவற்றுக்கும் ஆள் வந்தார்கள். கண்ணாடி வீட்டைக் கேட்க எவரும் வரவில்லை. என் மாமா மட்டும் வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடு இருந்து அப்பாவின் மண்டியைப் பார்த்துக்கொண்டவர். ஐப்பசி, கார்த்திகையில் வந்து இறங்கும் மல்லாட்டை மழையில் காயாமல் பூஞ்சை பிடிப்பது அப்பாவின் வருஷாந்திரக் கவலை. அதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக மாமா விழுப்புரத்திலிருந்து ஓடிவந்து சொன்னார்.

“வெயிலு உள்ள வரும் மச்சான், மழை உள்ள வராது. வேற இன்னா வேணும் நமக்கு?”

அப்பா பதில் சொல்லவில்லை. அப்பா பதில் சொல்லாததையெல்லாம் சம்மதமாக எடுத்துக்கொள்வது மாமாவின் வழக்கம். அடுத்த வாரமே வைக்கோல் பொதிந்த கண்ணாடிகளும் இரும்பு வளைவுகளுமாக மாட்டு வண்டிகள் வரிசையாக வந்துவிட்டன. வழியில் ஒரு வளைவு வண்டியிலிருந்து விழுந்து, சக்கரம் ஏறி நெளிந்துபோயிருந்தது. கொல்லர் அதைக் காய்ச்சித் தட்டி நேராக்கியபோது மாமா பக்கத்தில் நின்று பெருமையோடு விளக்கினார். வார்ப்பிரும்பாக இருந்தால் இரண்டாக உடைந்திருக்குமாம். இது தேனிரும்பாம், வளையுமே தவிர உடையாதாம். எனக்கு அப்போது எட்டு வயது. தேனிரும்பு என்றதும் ஒருவரும் பார்க்காத நேரத்தில் நக்கிப் பார்த்தேன். ஆணியைக் கடித்த ருசிதான் இருந்தது.

மாமா சொன்னதுபோலவே நடந்தது. வெளியே அடைமழை கொட்டும்போது உள்ளே மல்லாட்டை கலகலவென்று காய்ந்தது. நாங்கள் குழந்தைகள் அதன்மேல் புரண்டோம். ஊரே வந்து பார்த்தது. ஆனால் இரண்டு மழைக்காலம் போனதும், தூண்களின் அடியிலும் கூரைக் கணுக்களிலும், எங்கெல்லாம் தண்ணீர் தங்குமோ அங்கெல்லாம், துரு தலைகாட்டியது. மழை முடிந்ததும் துருவைச் சுரண்டி எடுத்து, சிவப்பு ஈயப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து இரும்புக்குப் பூச வேண்டும், அது காய்ந்தபிறகு மேலே பச்சை வர்ணம் அடிக்க வேண்டும், இப்படிச் செய்துகொண்டே வந்தால் இது நம் பேரப்பிள்ளைகளையும் தாண்டி நிற்கும் என்று துரை வீட்டுத் தோட்டக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். உலகச் சண்டைக் காலம். பொடி கிடைத்தது. ஆளிவிதை எண்ணெய் கிடைக்கவில்லை. சென்னைக்கு எழுதலாம் என்றார் அப்பா.

“நம்ம செக்குல எண்ணெ ஆறா ஓடிக்கினு இருக்குது. இதுக்குப் போய் மெட்ராஸா? எல்லாம் எண்ணெதானே மச்சான்.”

மல்லாட்டை எண்ணெயில் குழைத்து அடித்தார்கள். குங்குமம்போல ஜொலித்தது. ஆனால் காயவில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகித் தோலாகும் ஜாதி, மல்லாட்டை எண்ணெய் எத்தனை வெயில் பட்டாலும் எண்ணெயாகவே இருக்கும் ஜாதி என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எண்ணெய் வியாபாரிகள்தாம் நாங்கள்.

காலையில் எழுந்ததும் எல்லோரும் வரிசையாகப் போய் ஒரு தூணை விரலால் தொட்டுப் பார்ப்போம். விரல் சிவக்கும். அதைச் சந்தோரத்து வேப்பமரத்தில் துடைத்துவிட்டு வருவோம். ஈயம் விஷம் என்று தெரிந்த இன்றைக்கு என் பிள்ளைகள் அந்தப் பொடி பக்கம் போனால் கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவவைப்பேன். அன்று முழங்கைவரை அதோடு திரிந்தோம். நாலாம் நாள் காலை பார்த்தால் வேப்பமரத்தடியில் ஒரு செம்பருத்திப் பூவும் எரிந்துபோன கற்பூரமும் இருந்தன. சந்தில் போனவர்கள் அங்கே ஒரு அம்மன் புதிதாக எழுந்தருளியிருப்பதாக முடிவு செய்துவிட்டார்கள். சமணர் வீட்டு மரத்துக்கு வந்த கதியைப் பார்த்து அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். மரத்துக்காவது பலன் கிடைத்ததே என்றார் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் செஞ்சிப் பக்கத்திலிருந்து அக்காவைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளையின் அப்பாவும் மல்லாட்டை விவசாயம் செய்பவர். பெண்ணோடு அந்தக் கண்ணாடி வீட்டையும் பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அக்காவுக்கு ஏற்கெனவே ஓரிடம் வந்து தட்டிப்போயிருந்தது. காரணம், அவள் சிரித்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அவளாலேயே நிறுத்த முடியாது. வந்தவர்களில் ஒருவர் தும்மினார், அதற்குச் சிரித்தாள். பெண் சிரிக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் சாப்பிடாமல் போனதை அம்மா ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களவர்களில், பெண்ணைப் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பானகம் குடிக்கலாம்; இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று பொருள். சமணர்கள் என்பதால் பொழுது சாய்ந்தபிறகு சாப்பாடும் கிடையாது. ஆகவே எந்த முடிவானாலும் சூரியன் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

இந்தமுறை அம்மா அக்காவுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். சிரிப்பு வரும்போலிருந்தால் செத்துப்போன கன்றுக்குட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று காலையில் மாமா தூண்களுக்கெல்லாம் வெள்ளைத் துணி சுற்றினார். மத்தியானத்துக்குள் துணியெல்லாம் சிவப்பு ஊறி, யாரையோ வெட்டிச் சாய்த்த இடம்போல ஆகிவிட்டது. அவிழ்த்தெறிந்துவிட்டு மாவிலைத் தோரணம் கட்டினார். நாற்காலிகளை நட்டநடுவில் போட்டார். வந்தவர்களுக்கும் தூண்களுக்கும் நடுவில் தானே நின்றுகொள்வது என்பது அவர் திட்டம். ஆனால் தூண்கள் பல, மாமா ஒருவர்.

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்த மறுநிமிஷமே எழுந்து, மாமா நிற்காத தூணாகப் பார்த்துப் பிடித்தார்.

“தேனிரும்பா, வார்ப்பா?”

“தேனிரும்புங்க,” என்றார் மாமா ஈனஸ்வரத்தில்.

“அதான் பார்த்தேன். புடிச்சாலே தெரியுது.”

தை மாதமானாலும் கண்ணாடிக்குள் புழுக்கம். அவர் நெற்றி வியர்வையை உள்ளங்கையால் வழித்தார். பிறகு மூக்கைத் துடைத்தார். பிறகு மீசையை நீவினார். கூத்துக்கு வேஷம் கட்டும்போது பாதியில் எழுந்து வந்தவர்போல இருந்தார். வீடு தேடி வந்த சம்பந்தியிடம், எங்கள் வீட்டு வர்ணம் உங்கள் மூக்கில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அக்கா பானகத் தட்டோடு வந்தாள். தலை குனிந்தே இருந்தது. கன்றுக்குட்டியைத் தீவிரமாக நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தட்டை நீட்டினாள்.

“தலையத் தூக்கும்மா. மொகத்தப் பாக்க வாணாமா?” என்றார் பெரியவர்.

அக்கா தலையைத் தூக்கினாள். கன்றுக்குட்டி உதவவில்லை. முதலில் தட்டிலிருந்த லோட்டாக்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. பிறகு தோள் குலுங்கியது. பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. அம்மா தட்டைப் பிடுங்கிக்கொள்ள, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

மாப்பிள்ளை அதுவரை வாய் திறக்காதவர். அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் எப்போதோ ஒரு சிவப்புப் பட்டை ஏறியிருந்தது. தரையைப் பார்த்தபடி, “அப்பா, அந்தக் கண்ணாடியில கொஞ்சம் மொகத்தப் பாருங்க,” என்றார்.

வந்தவர்களுக்காகவே கழுவித் துடைத்த கண்ணாடி. பெரியவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் மனைவி எழுந்து வந்து, “கைய வச்சிக்கினு ஒரு நாழி சும்மா இருக்க மாட்டீங்களா நீங்க?” என்றபடி முந்தானையால் துடைத்தார். எண்ணெய்ச் சிவப்பு துடைத்தால் போகாது, பரவும். முகம் முழுக்கச் சீராகப் பரவியது. முந்தானையும் போயிற்று.

“இன்னா எண்ணெயில கொழைச்சீங்க?” என்று பெரியவர் மாமாவைக் கேட்டார்.

“நம்ம மல்லாட்ட எண்ணெதாங்க.”

“அது எந்த ஜென்மத்துல காயும்?”

“காஞ்சிக்கினே இருக்குதுங்க.”

அடுக்களையிலிருந்து மறுபடியும் அந்தச் சிரிப்பு கேட்டது. பெரியவரின் மீசை ஒருமுறை துடித்தது. கோபமா வேறெதுவுமா என்று எனக்கு விளங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். “எங்க பெரியவங்க வரட்டும்,” என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் வீட்டில் பெரியவங்க என்றால் அவருடைய அக்கா. தாயில்லாத தம்பிகளை வளர்த்து ஆளாக்கியவர். அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. விழுப்புரத்தில் இருந்தார். மத்தியானப் பாசஞ்சரில் வந்து சேரவேண்டியவர். வண்டி தாமதம். ஜட்காவோடு ஸ்டேஷனுக்குப் போன ஆள் இன்னும் திரும்பவில்லை.

காத்திருந்தோம். அடுக்களையில் வடையும் பாயசமும் ஆறிக்கொண்டிருந்தன. வெயில் தூண்களை விட்டுக் கூரைக்கு ஏறியது. மாமா பேச்சை மாற்ற எண்ணி, பூசியது காயாவிட்டாலும் எங்கேயும் துரு மறுபடி வரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும் என்றார். யாரும் கவனிக்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான். அடுத்த வருஷம் எல்லாவற்றையும் சுரண்டி, ஆளிவிதை எண்ணெயிலேயே குழைத்துப் பூசி, மேலே பச்சையும் அடித்தோம். சுரண்டியபோது உள்ளே இரும்பு பழுதில்லாமல் இருந்தது. இன்றும் திண்டிவனத்தில் அந்தச் சட்டம் நிற்கிறது. கண்ணாடிகள் போய்விட்டன. கூரைக் கணு ஒன்றில் விரலை நுழைத்தால் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒட்டுகிறது.

சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கியபோது வாசலில் ஜட்கா மணி கேட்டது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தோட்டத்துக் கதவோரம் நின்றார். வெள்ளைப் புடவையும் கக்கத்தில் குடையுமாக அந்த அம்மாள் வந்தார். நல்ல உயரம். கண்ணாடி வீட்டு வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். முகம் சிவந்த தம்பி. முந்தானை சிவந்த தம்பி மனைவி. தோள் சிவந்த பிள்ளை. முழங்கைவரை சிவந்த மாமா. அடுக்களைக் கதவின் பின்னால் பாதி முகம் தெரிய நின்ற அக்கா.

அப்பா என் விரல்களை வலிக்கும்படி நெரித்தார். அவர் கை நடுங்கியது. தை மாதத்துப் பனிதானே, அப்பாவுக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன். ஒரு சால்வை கொண்டுவரட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பார்க்க வந்திருந்தார்கள். காபி குடித்துவிட்டு, பக்கத்து அறையில் கொஞ்சம் பேசிக்கொள்கிறோம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் டம்ளர்களை எடுத்து அடுக்கினேன். “ஏம்மா, ஃபேனைக் குறைக்கட்டுமா? உனக்குக் கை நடுங்குது,” என்றான் என் சின்னவன். நல்லபடியாகவே முடிந்தது. ஆனாலும் அந்த நடுக்கம் இன்னும் முழுதாக விடவில்லை.

அந்த அம்மாள் எல்லோரையும் பார்த்து முடித்தார். குடையைக் கதவில் மாட்டினார். மேற்கே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

“இன்னாடா இது, நான் வர்றதுக்குள்ள கல்யாணத்தயே முடிச்சிக்கினீங்களா? சரி சரி, எலையப் போடச் சொல்லு. பொழுது எறங்கிக்கினு இருக்குது.”