ஆறாவது டிரம்

காலை 5.10, கோயம்புத்தூர். குளியலறை டிரம்மிலிருந்து நாலு சொம்பு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, துவட்டியும் துவட்டாமலும் சட்டையை மாட்டினேன். "இட்லி வெந்துடுச்சு, ரெண்டு நிமிஷம் இருங்க" என்றாள் மனைவி. இருக்கவில்லை. முந்தைய நாள் தபாலில் வந்த இன்லாண்டு கடிதம் சட்டைப்பையில் கிடந்து குத்திக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. யாரும் தொட விரும்பாத சரக்கைக் காலி செய்து கொடுப்பது நான் வேலை பார்த்த கம்பெனியின் தொழில். மூடிப்போன ஆலைகள், பட்டாளத்தார் விட்டுப்போன கிடங்குகள், இப்படி. மூன்று வாரத்துக்கு முன் மட்டாஞ்சேரியில் காயலோரக் கிடங்கு ஒன்றைக் காலி செய்தோம். உலகப்போர்க் காலத்தில் இராணுவம் வைத்திருந்த இடம். மரத்தைச் செல்லரிக்காமல் காக்கப் பூசுகிற பாஷாணப் பொடி நாற்பது டிரம்களில் அங்கேயே கிடந்தது. கிடங்கை வாங்கிய வியாபாரி அங்கே சுக்கு அடுக்க ஆசைப்பட்டார். பொடியை இரட்டைச் சாக்கில் கட்டி லாரியில் கொண்டுவந்து எங்கள் இடத்துக் கான்கிரீட் குழியில் போட்டு மூடினோம். மேற்பார்வை நான்தான்.

காலி டிரம்களைக் கடப்பாரையால் துளைத்து நசுக்கிவிட வேண்டும். எவனும் திரும்பப் பயன்படுத்திவிடக் கூடாது. முப்பத்துநான்கு துருப்பிடித்தவை, அப்பளமாக நொறுங்கின. மீதி ஆறும் துத்தநாகம் பூசிய கெட்டித் தகரம், நேற்றுச் செய்தது போல மின்னின. நான் குத்தியபோது கடப்பாரை வழுக்கியது. எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சுமை தூக்கும் சுமட்டுக்காரர்களின் தலைவர், மூப்பன் வேலாயுதன் வந்து, "வழக்கப்படி எங்க பங்கை எடுத்துக்கலாம் அல்லே சாரே?" என்று கேட்டார். பங்கு என்றால் எது என்று கேட்காமல் தலையை ஆட்டிவிட்டு ஓடினேன்.

அந்தப் பங்கு எது என்று கடிதம் சொன்னது. எழுதியவர் கிடங்குக் காவலர் ராஜாமணி. மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழர். ஒரு கிடங்கைக் காலி செய்தால் தரையில் சிந்திய மிளகும் சுக்கும், சரக்கிருந்த காலிப் பாத்திரமும் சுமந்தவனுக்குச் சேரும் என்பது அந்த ஊர் வழக்கம். மிளகுக்கு நல்ல வழக்கம்தான். "நல்ல டிரம் ஆறையும் சுமட்டுக்காரப் பிள்ளைகள் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்கக் கொண்டுபோனார்கள். இங்கே பைப் விடிகாலை ஒரு மணி நேரம்தான். உங்களுக்குப் புண்ணியம்" என்று முடித்திருந்தார். புண்ணியமாம்! டிரங்க் கால் போட்டு இரவு வரை காத்திருந்தேன், லைன் கிடைக்கவில்லை.

காலை 6.00. ரயில் கிளம்பியது. எர்ணாகுளத்துக்கு இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, டிக்கெட் பதிமூன்று ரூபாய்ச் சில்லறை. பாலக்காடு தாண்டியதும் பச்சை தொடங்கும், ஜன்னலை விட்டு நகர மாட்டேன். அன்று வாசலுக்கும் இருக்கைக்குமாக நடந்தேன். எதிரே பாத்திர மூட்டையுடன் இருந்த திருப்பூர் வியாபாரி, "ஏனுங்க, நீங்க நடந்தா வண்டி சீக்கிரம் போகுமுங்களா?" என்று கேட்டார். எரிச்சலாக வந்தது. சிரித்து வைத்தேன். ஷொர்ணூரில் வண்டி காரணமில்லாமல் இருபது நிமிடம் நின்றபோது அவரையும் ரயில்வேயையும் சேர்த்து மனதுக்குள் திட்டினேன். திட்ட வேண்டியது என்னைத்தான்.

பகல் 12.25, எர்ணாகுளம் படகுத்துறை. மட்டாஞ்சேரிக்கு முப்பது காசு. துறைமுகக் கப்பல்கள், கிரேன்கள், தலைக்கு மேல் வட்டமிடும் பருந்துகள், எல்லாம் இருந்தன. நான் பார்த்தது படகில் ஏறியிருந்த ஒரு பெண்ணின் இடுப்புக் குடத்தைத்தான்.

1.15, மட்டாஞ்சேரி. கடைத்தெரு முழுக்கச் சுக்கு நெடி. ராஜாமணி கிடங்கு வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்கோ சாரே, சாயா குடிக்கலாம்." விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறியது. "ஈஸ்வரா! பொடியை எடுத்தாச்சு, டிரம் வெறும் டிரம்தானேன்னு நினைச்சேன். சோப்பு போட்டு மூணு வட்டம் கழுவினாங்க சாரே. பின்னே என்ன பயம்னு..." அவரைக் கோபிக்க எனக்கு வாயில்லை.

வேலாயுதனைப் படகுத்துறையில் பிடித்தோம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், பிறந்தது மட்டாஞ்சேரி, ஐம்பது வயது, மூட்டை தூக்கி உரமேறிய கழுத்து. முழுதும் கேட்டுவிட்டு, "பாஷாணம்னு அன்னைக்குச் சொன்னீங்க. மூக்கைக் கட்டினோம், கையுறை போட்டோம். டிரம்மும் பாஷாணம்னு சொன்னீங்களா?" என்றார். சொல்லவில்லை. அன்று தலையைத்தான் ஆட்டியிருந்தேன்.

ஒரு கைவண்டியுடன் வீடு வீடாகப் போனோம். ஒரு டிரம்முக்கு இரண்டு அலுமினியக் குடம் தருவதாக ஏற்பாடு. குடம் இருபத்திரண்டு ரூபாய், என் கைக்காசு. மூன்று வீடுகளில் பேச்சில்லாமல் கொடுத்தார்கள். நாலாவது வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ரெண்டு குடத்துல ஏழு பேருக்கு வெள்ளம் பிடிக்கவா? நீ வந்து சுமப்பியா?" என்று கேட்டாள். மூன்றாவது குடமும் வாங்கிக்கொண்டுதான் விட்டாள். நல்லவேளையாக அதுவரை எல்லோரும் துவைக்கவும் குளிக்கவும்தான் அந்தத் தண்ணீரை எடுத்திருந்தார்கள்.

வேலாயுதன் சொன்னது ஐந்து வீடுகள்தான். "ஆறாவது?" என்று கேட்டேன். வேலாயுதன் கைவண்டியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "அது காயல்ல வள்ளம் ஓட்டுறவன் ஒருத்தன் வாங்கிட்டுப் போயிட்டான். இனி கிட்டாது சாரே" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

3.20, ஐந்தாவது வீடு. அந்த அம்மா டிரம்மைக் காட்டும் முன்பே புலம்பினாள். டிரம்மைக் கழுவி ஊற்றிய தண்ணீர் கொல்லைக் குழியில் தேங்கி நின்றதாம். அதில் அலகு வைத்த இரண்டு வாத்துகள் மறுநாள் செத்துக் கிடந்தனவாம். "ரெண்டும் முட்டையிடுற வாத்து. கண்ணு பட்டுப்போச்சு." கண்ணேறு கழிக்க வேலியில் மிளகாய் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

வேலாயுதன் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தார். "சாரே, நான் பொய் சொன்னேன். ஆறாவது என் மக வீட்டுல இருக்கு. பள்ளுருத்தியில. ஏழாம் மாசச் சீரோட கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்த சீரைச் சம்பந்தி வீட்டுல போய்த் திருப்பி எப்படிக் கேட்பேன்னு..."

ஐந்தாவது டிரம்மையும் ஏற்றிக்கொண்டு கைவண்டி பின்னால் வரட்டும் என்று ஆட்டோ பிடித்தோம். நாலு கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் லாரிகள், சைக்கிள்கள், போதாக்குறைக்கு ஒரு கல்யாண ஊர்வலம். வேலாயுதன் பாதி வழியில் இறங்கி ஓடப் பார்த்தார், இழுத்து உட்கார வைத்தேன்.

3.55, பள்ளுருத்தி. டிரம் வாசலிலேயே நின்றது. மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, மேலே தட்டு மூடி. மகள் சரோஜா நிறைவயிற்றோடு வெளியே வந்தாள். "என்னப்பா, சொல்லாம வந்திருக்கீங்க?"

"இந்த வெள்ளத்தைக் குடிச்சியா மோளே?"

"குடிக்கிறது மண்பானை வெள்ளம்தான். இது குளிக்க, துணி அலக்க."

"சமைக்க?" என்றேன் நான்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சொன்னார்: "முந்தாநாள் பைப் வரல்ல. அன்னைக்கு ஒரு நேரம் கஞ்சி வெச்சோம். எல்லாரும்தான் குடிச்சோம்."

வேலாயுதன் சம்பந்தியின் காலருகே குனிந்து, "நான் கொடுத்தது விஷம். திருப்பிக் கொடுங்க" என்றார். அந்த அம்மா பதறிப்போய் அவரைத் தூக்கிவிட்டார். கைவண்டி வந்ததும் தண்ணீரை மண்ணில் விடாமல் மற்ற டிரம்களில் மொண்டு ஊற்றினோம். காலி டிரம்மைச் சாய்த்து, கடப்பாரையை வேலாயுதனே வாங்கினார். என் கையில் வழுக்கிய அதே தகரம். மூன்றாவது குத்தில் கிழிந்தது. அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை.

5.30, எர்ணாகுளம் ஆஸ்பத்திரி. வீட்டார் எல்லோரையும் கூட்டிப்போயிருந்தோம். பொடியின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். சோதித்தார், ரத்தமும் சிறுநீரும் எடுத்தார். குடித்தது ஒரே வேளை, அதுவும் கழுவிய டிரம் என்பதால் பெரிதாக இருக்காது, ஆனால் வாராவாரம் வர வேண்டும் என்றார். பிறகு, அந்த டிரம்மை வீட்டுக்கு எடுத்துப்போக யார் விட்டது என்று கேட்டார். நான் என்றேன். அவர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்று ராஜாமணி பின்னால் எழுதினார். அன்று அது தெரியாது. ஆறு டிரம்களையும் கிடங்கில் வைத்துப் பூட்டி, லாரி வருவதற்குச் சொல்லிவிட்டு, ராஜாமணி வீட்டில் படுத்துப் புரண்டுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை படகேறும்போது வேலாயுதன் வந்தார். "இனிமே பங்கு கேக்கமாட்டோம் சாரே." கேளுங்கள், ஆனால் அதில் என்ன இருந்தது என்று கேட்டுவிட்டு எடுங்கள் என்று பெரிய மனிதன் போல உபதேசம் செய்தேன். விவரம் இல்லாத சனங்கள், எதை எடுக்கிறோம் என்று யோசிப்பதில்லை என்று ரயிலில் கொஞ்ச தூரம் நினைத்துக்கொண்டும் வந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்.

பகல் 2.10, கோயம்புத்தூர். "நல்ல நேரத்துல வந்தீங்க. சிறுவாணித் தண்ணி நல்லா வந்துச்சு, டிரம் நெறைய ரொப்பிட்டேன். குளிச்சிட்டு வாங்க" என்றாள் மனைவி. இரண்டு குழந்தைகளும் அப்போதுதான் குளித்து, ஈரத் தலையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

குளியலறைக்குப் போய்ச் சொம்பைக் கையில் எடுத்தேன். நீல டிரம். நாலு வருஷத்துக்கு முன்பு மூடிப்போன ஒரு சாயப்பட்டறையைக் காலி செய்த அன்று, "நல்ல டிரம்மா இருக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போப்பா" என்றார் மேனேஜர். சந்தோஷமாகத் தூக்கி வந்தேன். சோப்பு போட்டு மூன்று முறை கழுவினேன். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, கடப்பாரை எங்கே என்று மனைவியைக் கேட்டேன்.