காப்பெல் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான் பவர் சப்ளை மாற்றியது

2024 ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெளியே பன்னிரண்டு டிகிரி பாரன்ஹீட். நம் கணக்கில் உறைநிலைக்குக் கீழே பதினொன்று. வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது, தெருவெல்லாம் கண்ணாடிபோல் பனிக்கட்டி. அன்று மகள் இருக்கும் ஊரான காப்பெல்லில் பள்ளிக்கூடம் இல்லை, குப்பை வண்டி இல்லை. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையும் இல்லை. மூன்று முறை போன் செய்து பார்த்துவிட்டேன்.

மகள் வீட்டு டெஸ்க்டாப் நின்றுபோய் நான்கு நாளாகியிருந்தது. எல்லாம் பொருத்தியே விற்கிற பெட்டி, எட்டு வருடப் பழசு. பொத்தானை அழுத்தினால் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளைதான் போயிருக்கிறது என்று மருமகன் சொன்னார். புதியதையும் ஒரு திருப்புளியையும் வரவழைத்து வைத்துவிட்டு அலுவலக வேலையாகச் சான் ஹோசே போனார். திங்கட்கிழமை திரும்பி வந்து மாற்றுவதாக ஏற்பாடு. பனியால் விமானம் இரண்டு முறை ரத்தாகிவிட்டது.

அந்தப் பெட்டிக்குள்தான் மகளின் கிரீன் கார்டுக்கு வேண்டிய காகிதங்கள் இருந்தன. அவள் முதலில் வேலை பார்த்த கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றிதழ்களின் ஸ்கேன், மொத்தம் பதினொரு பக்கம். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அசல் காகிதங்கள் வீடு மாறியதில் தொலைந்துபோயின. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வேறு எங்கும் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"பேக்கப் பண்ணணும்னு நெனச்சுட்டேதாம்ப்பா இருந்தேன்" என்றாள்.

நானே மாற்றுகிறேன் என்று சொன்னது தைரியத்தால் அல்ல. நான்கு இரவாகத் தூக்கம் இல்லை. ஈரோட்டில் மின்வாரிய அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு கம்பியைக்கூடத் தொட்டதில்லை. என்னுடையது விபத்துக் கோப்புகள் வரும் மேசை. 'மின்சாரம் துண்டிக்கப்பட்டதாகக் கருதி' என்றுதான் பெரும்பாலான அறிக்கைகள் தொடங்கும். அப்படி நானே தட்டச்சு செய்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பல்பு மாற்ற ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிளக்கைப் பிடுங்கி, என் கண்ணில் படும்படி சோபாவின் மேல் வைத்தேன். மருமகன் சொன்னபடி பெட்டியின் பொத்தானைப் பத்து வரை எண்ணி அழுத்திப் பிடித்தேன். பிறகு என் திருப்திக்கு முந்நூறு வரை எண்ணினேன். மனைவி கையில் சப்பாத்திக் கட்டையைக் கொடுத்து, கரண்ட் என்னைப் பிடித்துக்கொண்டால் தொட்டு இழுக்கக் கூடாது, கட்டையால் என் கையை அடித்துத் தள்ள வேண்டும் என்றேன்.

"எத்தனை அடிங்க?"

"விடுற வரைக்கும்."

"நாப்பத்தொரு வருசத்துல இன்னைக்குத்தான் நல்ல வேலை குடுத்திருக்கீங்க."

கம்பளி சாக்ஸோடு கார்பெட்டில் நடந்துபோய்ப் பெட்டியைத் தொட்டேன். விரல் நுனியில் பட்டென்று நீலப் பொறி. நான் கத்துவதற்குள் மணிக்கட்டில் கட்டை விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. அடுத்த அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, அது ஸ்டாட்டிக். விண்டர்ல டோர் நாப் தொட்டாலே அடிக்கும். அம்மா, அதைக் கீழ போடும்மா."

அவள் மீட்டிங்குக்குத் திரும்பிப் போனாள். எனக்குக் கை வலியைவிட அந்தப் பொறிதான் பெரிதாக இருந்தது. உள்ளே சின்னப் பொறி பட்டாலும் பாகங்கள் கெட்டுப்போகும் என்று மருமகன் முதல் நாளே எச்சரித்திருந்தார். அது பதினொரு பக்கத்தையும் தொட்டுவிட்டதோ? திறந்து பார்க்க வழியில்லை. சாக்ஸைக் கழற்றிவிட்டு, கார்பெட் இல்லாத சமையலறைக்கு வெறுங்காலோடு வந்தேன். பெட்டியை அங்கிருந்த சாப்பாட்டு மேசைக்கு மாற்றினேன்.

பின்பக்கம் திருகு நான்கு. உள்ளே இணைப்பு நான்கு. பெரிய இணைப்பில் துளை இருபத்து நான்கு. புதியதிலும் இருபத்து நான்கு. நான்கு முறை எண்ணினேன். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் நோட்டில் படம் வரைந்துகொண்டேன். பெரியதைப் பிடுங்கும்போது அது செருகியிருந்த பலகையே வளைந்தது. புதியதைப் பொருத்தி முடித்தபோது ஐந்து இணைப்புகள் எதிலும் சேராமல் தொங்கின. அதை வேறு நினைத்துப் பயந்தேன்; இந்தப் பெட்டிக்கு அவை தேவையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியாக எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்து, பிளக்கைச் செருகி, பொத்தானை அழுத்தினேன். மணி பன்னிரண்டு ஐந்து.

ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஆறு முறை அழுத்தினேன்.

மகளுக்கு இந்த நாட்டில் பதினான்கு வருடம். அதை நான் இரண்டு மணி நேரத்தில் எரித்துவிட்டேன் என்று நினைத்தேன். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மருமகனை வீடியோவில் அழைத்தேன். பெட்டியைச் சுற்றிக் காட்டச் சொன்னார்.

"மாமா, நிறுத்துங்க. பின்னாடி சின்னதா ரெட் ஸ்விட்ச் ஒண்ணு தெரியுதே, அதுல என்ன நம்பர் இருக்கு?"

"இருநூத்தி முப்பதுங்க மாப்பிள்ளை."

"டப்பாவைப் பிரிக்கும்போதே அப்படியா இருந்துச்சு?"

"இல்லீங்க, நூத்திப் பதினஞ்சுல இருந்துச்சு. தப்பா வெச்சு அனுப்பிட்டாங்கன்னு கடைசியா நான்தான் சரிபண்ணினேன்."



"மாமா, இங்க கரண்டே நூத்தி இருபது வோல்ட்தான், நூத்திப் பதினஞ்சுன்னு போட்டிருக்கறது அதுக்குத்தான். பிளக்கைப் பிடுங்கிட்டு அதைப் பழையபடி தள்ளுங்க. ஒண்ணும் ஆகியிருக்காது. இதையே ஊர்ல மாத்தி வெச்சிருந்தீங்கன்னா வெடிச்சிருக்கும்."

முப்பத்து நான்கு வருடம் இருநூற்று முப்பது, இருநூற்று முப்பது என்று எழுதிய கை. வேறு எண்ணைக் கண்டால் பிழை என்றுதான் அதற்குத் தோன்றும். பிளக்கைப் பிடுங்கினேன், மறுபடி முந்நூறு எண்ணினேன். பேனா முனையால் அந்த ஸ்விட்சைத் தள்ளும்போது வெடித்திருக்கும் என்ற சொல்தான் காதில் இருந்தது. இம்முறை பொத்தானை மனைவிதான் அழுத்தினாள், கட்டையின் நுனியால்.

விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் எழுத்து வர நாற்பத்தேழு விநாடி.

மகள் வந்து கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கமாக நான் எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டு ஐம்பதுக்கு வக்கீலுக்கு அனுப்பினாள். "தேங்க்ஸ்ப்பா" என்று என் மணிக்கட்டில் வீங்கிய இடத்தைத் தடவினாள். பெட்டியை அணைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மறுபடி எழும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வியாழக்கிழமை பனி கரைந்து, கடைக்குப் போய் இரண்டு பென் டிரைவ் வாங்கிவந்து, இரண்டிலும் பிரதி எடுக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருந்தது. விசிறிச் சத்தம் நிற்கிறதா என்று கேட்டபடி நானும் ஹாலிலேயே படுத்திருந்தேன்.

பவர் சப்ளை நாற்பத்தெட்டு டாலர் எழுபது சென்ட், திருப்புளி ஏழு ஐம்பத்தேழு, பென் டிரைவ் இரண்டும் பத்தொன்பது நாற்பத்தேழு. மகள் வேண்டாம் என்று சொல்லியும் நானே கொடுத்தேன். வரி உட்பட எழுபத்தைந்து டாலர் எழுபத்து நான்கு சென்ட்.