பள்ளிக்கூட மனைக்கு நான் வரைந்த படம்

படம் வரையத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற முட்டாள்களில் நான் கொஞ்சம் முற்றிய ரகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலம். நான் பிறந்தது தாராசுரத்தில். அங்கே கோயில் தூணில் விரற்கடை அகலத்துக்குள் ஒரு நாட்டியக்காரியைக் காலைத் தூக்கி ஆட விட்டிருப்பார்கள். அதைப் பார்த்தே வளர்ந்ததில் அந்தக் கைத்திறமை காற்றுவாக்கில் என்மேலும் ஒட்டிக்கொண்டது என்று எனக்கொரு நம்பிக்கை. நான் கரும்பலகையில் வரைந்த பசுவைப் பார்த்து இரண்டாம் வகுப்பு மொத்தமும் "நாய்" என்று ஒரே குரலில் சொன்ன பிறகும் அது போகவில்லை.

அப்போது நான் நாகூரிலிருந்து பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு கிராமத்தில், ஒன்றியப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பதவியைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஒரு கீற்றுக் கொட்டகை. எனக்குக் கீழே வேலை பார்த்தது ஒரே ஒரு டீச்சர். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். யார் கீழே யார் வேலை பார்த்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஐப்பசி பிறந்துவிட்டால் கொட்டகையின் மேற்குப் பாதி முழுக்க ஒழுகும். மூன்றாம் வகுப்பு எழுந்து நான்காம் வகுப்பின் மடியில் வந்து உட்காரும். வாய்ப்பாடும் திருக்குறளும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும்.

கோட்டையில் ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கீற்றுக் கொட்டகைகளை எடுத்துவிட்டுச் சிமெண்டுக் கட்டடம் கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியது. எங்கள் பள்ளிக்கும் இரண்டு அறை. நிபந்தனை ஒன்றே ஒன்று: நிலத்தை ஊர் தரவேண்டும். தானப் பத்திரமும் மனைப்படமும் போய்ச் சேர்ந்து மார்ச்சுக்குள் வேலை தொடங்காவிட்டால், பணம் வந்த வழியே திரும்பிவிடும்.

ஊரில் நிலம் என்றால் பண்ணையார். பாதிக்கு மேல் அவருடையது. அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாங்க வாத்தியாரே. எடம் இல்லாமக் கஷ்டப்படுறீங்களாமே? வாய்க்காலுக்குத் தென்கரையில நம்ம ரெண்டு மா இருக்கு. பயிரு நிக்கிது. அறுத்துட்டா எடுத்துக்குங்க."

இரண்டு மா என்றால் முக்கால் ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. நான் உணர்ச்சிவசப்பட்டுப் பள்ளிக்கூட வாசலில் கூட்டம் போட்டேன். அவரை வள்ளல் என்று ஏழெட்டுத் தடவை சொன்னேன். டீச்சர் எண்ணிக்கொண்டிருந்தார், பதினோரு தடவை என்றார்.

எனக்கு உறைக்காத விஷயம் ஒன்று இருந்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிர் செய்கிறவர்களின் பெயரை அரசாங்கமே பதிந்துகொள்ளவேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. பெயர் பதிவாகிவிட்டால் அவர்களை வயலைவிட்டு எழுப்புவது லேசில்லை. அதனால் பதிவுக்கு முன்பே எழுப்பிவிடும் வேலை பல ஊர்களில் நடந்துகொண்டிருந்தது. கொடி, ஊர்வலம், அறுப்பு சமயத்தில் போலீஸ் வேன் எல்லாம் அதனால்தான். பேப்பரில் தினமும் படித்தேன். படித்ததற்கும் நம்மூர் வாய்க்காலுக்கும் சம்பந்தம் உண்டு என்று மட்டும் தோன்றவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அளவு நாடாவும் பச்சை மைக்கூடும் எடுத்துக்கொண்டு தென்கரைக்குப் போனேன். சம்பா இடுப்பளவு நின்றது. ஒரு அம்மா மண்வெட்டியோடு மடை அடைத்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர்தான், அவர் மகள் என்னிடம் மூன்றாம் வகுப்பு.

"பண்ணைக்குக் கூலிக்கு நட்டதாம்மா இது?"

"கூலிக்கு நட்டா நான் ஏன் சார் ஞாயித்துக்கெழமையும் வந்து மடை பாக்குறேன்? வாரத்துக்கு வச்சிருக்கேன். வெளைஞ்சதுல பண்ணைக்குப் பங்கு அளந்துடுவோம். எங்க வீட்டுக்காரரு காலத்துலேந்து. அவரு போயே ஏழு வருசம் ஆச்சு."

"சீட்டு, கீட்டு ஏதும் இருக்கா?"

"எங்களுக்கு ஏது சார் சீட்டு. எதுக்கு அளக்குறீங்க?"

"பள்ளிக்கூடம் வரப்போவுதும்மா! சிமெண்டுக் கட்டடம். உங்க பொண்ணு இனிமே நனையாமப் படிக்கலாம்."

"நல்லது சார். எங்க வருது?"

"இங்கதான்."

அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. பயிரை ஒரு தடவை பார்த்தார், என் கையிலிருந்த நாடாவை ஒரு தடவை பார்த்தார்.

"இங்கன்னா, நான் எங்க சார் போறது?"

புத்தியுள்ளவன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வீடு போயிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் அப்படியே நில்லுங்கம்மா. படத்துல அளவு தெரியறதுக்கு ஒரு ஆள் வேணும்."

நின்றார். பாவம், சார் சொன்னால் நிற்கவேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

ஒன்றிய ஆபீஸ் கேட்டது நான்கு கோடு, நான்கு அளவு, வடக்கு எது என்று ஒரு அம்புக்குறி. ஓவர்சியர் என்றால் ஐந்து நிமிஷத்தில் முடித்திருப்பார். நான் நான்கு சாயங்காலம் வரைந்தேன். பயிரை ஒவ்வொரு நாற்றாகப் பச்சை மையில் நட்டேன். அந்த அம்மாவின் மாட்டுக் கொட்டில், வேலியோரத்துப் பூசணிக்கொடி, அவர் வெட்டிய மடை எதையும் விடவில்லை. 'மனையில் தற்போதுள்ள இடையூறுகள்' என்று படம் வரைந்த அதே படிவத்தின் அடியில் ஒரு கட்டம் இருந்தது. ஊர் உலகத்தில் எல்லோரும் அதில் 'இல்லை' என்று எழுதுவார்கள். நான் எழுதினேன்: "சம்பா நெல். பயிரிடுபவர் இன்னார் மனைவி இன்னார், வாரதாரர், கணவர் காலம் முதல்." படத்தின் நடுவில் மண்வெட்டியோடு அவரையும் நிறுத்தி, 'பயிரிடுபவர்' என்று அம்புக்குறி போட்டேன். வலது மூலையில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது. அங்கே பண்ணையார் வீட்டை வரைந்தேன். வாசலில் நான்கு தூண்தான் உண்டு. மரியாதைக்கு எட்டாக்கினேன்.

கையெழுத்து வாங்கப் போனபோது பண்ணையார் படத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். கண் அந்த வலது மூலையை விட்டு நகரவில்லை.

"அடடே, நம்ம வீடு நல்லா வந்திருக்கே வாத்தியாரே!"

கொடையாளர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு பிரதியிலும்.

டீச்சரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சார், ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க டீச்சர்."

"ஒரு பொம்பளைய வயல விட்டு வெரட்டுறதுக்கு எழுதுற காயிதத்துல, அந்தப் பொம்பளையவே நிக்க வச்சுப் படம் போட்டிருக்கீங்களே, உங்களுக்கு எப்படி சார் மனசு வந்துச்சு?"

அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கே போய்ப் பண்ணையாரிடம் "இந்த நிலம் வேண்டாம், வேறு இடம் கொடுங்கள்" என்று சொல்லிவிடுவதாக வீராப்பாகக் கிளம்பினேன். போனேன். காபி கொடுத்தார்கள். இந்த வருஷம் மழை பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.  டீச்சர் என் சட்டையில் காபி சிந்தியிருந்ததைப் பார்த்துவிட்டார்.

ஒரு பிரதி ஒன்றிய ஆபீசுக்குப் போனது. இன்னொன்று பள்ளி டிரங்குப் பெட்டியில் கிடந்தது. தை பிறந்து அறுப்பும் முடிந்தது. இனி அந்த வயலில் கால் வைக்கக் கூடாது என்று பண்ணையிலிருந்து அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். விவசாயச் சங்கத்துக்காரர்கள், பெயரைப் பதியச் சொல்லி அவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். மாசியில், பதிவுக்கென்று போட்டிருந்த தனித் தாசில்தார் விசாரிக்க வந்தார். ஊரில் பொது இடம் என்றால் பள்ளிக்கூடம்தான் என்பதால் விசாரணை எங்கள் கொட்டகையில். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டோம். அவர்கள் தட்டிச் சுவரில் ஓட்டை போட்டு எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணத்தின் ஏட்டில் அந்த வயல் பண்ணையின் சொந்தச் சாகுபடி என்று இருந்தது. அந்த அம்மாவிடம் துண்டுக் காகிதம் இல்லை. சாட்சி சொல்ல ஊரில் யாருக்கும் தொண்டை சரியாக இல்லை. எனக்குந்தான்.

பண்ணையார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம கூலிக்காரம்மாதாங்க. நல்லவங்க. யாரோ ஏத்தி விட்டிருக்காங்க. அந்த எடத்தை நான் பள்ளிக்கூடத்துக்கே குடுத்தாச்சு. வாத்தியாரே, அந்த ஃபைலை எடுத்துக் காட்டுங்க."

இந்த இடத்தில் ஒரு உண்மை சொல்லவேண்டும். நியாயத்துக்காகத்தான் அந்தப் படத்தை எடுத்து நீட்டினேன் என்று பிற்பாடு பல மேடைகளில் பேசியிருக்கிறேன். சுத்தப் பொய். ஃபைலில் மேலாக இருந்தது தானக் கடிதம். அதைக் கொடுத்திருந்தாலே போதும். படம் அடியில், நான்காக மடித்து இருந்தது. வெளியூர் அதிகாரி, படித்தவர், ஒரு வார்த்தை பாராட்டுவாரே என்ற நப்பாசையில், அதைப் பிரித்து, நீவிவிட்டு, அவர் முன்னால் நானே விரித்தேன்.

தாசில்தார் குனிந்தார்.

"படம் யாரு போட்டது?"

"நான்தான் சார்." கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன்.

"வயலுக்கு நடுவுல இது என்ன, கொக்கா?"

தட்டிக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இல்ல சார். அந்தம்மா. அளவுக்காகப் போட்டேன்."

"கொக்கு கையில மம்பட்டி இருக்கேன்னு பாத்தேன்." அவர் அம்புக்குறியைப் படித்தார். பிறகு இடையூறுகள் கட்டத்தைப் படித்தார். சிரிப்பு நின்றது. இரண்டாம் தடவை சத்தமாகப் படித்தார். 'வாரதாரர், கணவர் காலம் முதல்' என்பது கொட்டகை முழுக்கக் கேட்டது. படத்தைத் திருப்பிப் பண்ணையார் பக்கம் வைத்தார்.

"கீழ இருக்கறது உங்க கையெழுத்துங்களா?"

பண்ணையார் என்னைப் பார்த்த பார்வையில் என் பத்து வருஷச் சம்பளம் எரிந்துபோயிருக்கும். "போட்டதுதான். நான் வீட்டைப் பாத்துத்தான் போட்டேன்."

"வீட்டைப் பாத்துப் போட்டாலும் வயலைப் பாத்துப் போட்டாலும் கையெழுத்து ஒண்ணுதானுங்களே," என்றார் தாசில்தார், பேனாவைத் திறந்துகொண்டே.

அந்த அம்மாவின் பெயர் பதிவாகியது. தானப் பத்திரம் இன்னும் பதியாததால், மறுநாளே பண்ணையார் தானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் வேறு இடம் தேடி மார்ச்சு முழுக்கச் சைக்கிளில் அலைந்தேன். எல்லோரும் தண்ணீர் கொடுத்தார்கள், நிலம் கொடுக்கவில்லை. பணம் திரும்பிப் போனது. எங்கள் இரண்டு அறையும் வேறு ஏதோ ஒரு ஊரில் எழும்பியது என்று ஒன்றிய ஆபீஸ் குமாஸ்தா சொன்னார். மூன்று வருஷம் கழித்து, அரசாங்கப் புறம்போக்கு ஒன்றில், எங்களுக்கும் கட்டடம் வந்தது. அப்போது படம் வரைந்தது டீச்சர். நான்கு கோடு, ஒரு அம்புக்குறி, இடையூறுகள் 'இல்லை'. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்கு முன்னால், அந்த முதல் வருஷமே, ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஒரு நாள் பள்ளி விட்டதும் தென்கரைக்குப் போனேன். எதற்கா? ஒரு நன்றி கேட்டு வாங்கத்தான். ஊர் முழுக்க என்னைக் கட்டடத்தைத் தொலைத்த வாத்தியார் என்று பேசிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வாயாவது வேறு மாதிரி பேசாதா என்று இருந்தது. அந்த அம்மா குறுவைக்கு உழுத சேற்றில் முழங்கால் வரை நின்று, மண்ணை அள்ளி அள்ளி வரப்பில் அப்பிக்கொண்டிருந்தார். மகள் கரையில் உட்கார்ந்து சிலேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிலேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

நான் வரப்பின் மேல் ஏறி நின்று தொண்டையைக் கனைத்தேன். தயார் பண்ணிக்கொண்டு போன பேச்சு.

"பாத்தீங்களாம்மா, கட்டடம் போனாப் போவுது. நான் மட்டும் அன்னிக்கு அந்தப் படத்தைப் போடலைன்னா இன்னிக்கு இந்த வயல்ல நீங்க நிப்பீங்களா? ஊரே என்னை ஏசுது. நான் அதைப் பத்திக் கவலைப்படல. ஒரு குடும்பத்துக்கு நம்மால ஒரு நல்லது நடந்துச்சேன்னு..."

அவர் நிமிர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துச் சொன்னார்:

"வரப்ப விட்டு எறங்குங்க சார், இப்பத்தான் வச்சேன்."