இஸ்திரி போட்ட ஆட்டுத்தோல்

மூன்று வருஷத்துக்கு முந்தைய டிசம்பர் மாதம். சவுதியின் வடகோடியில், ஜோர்டான் எல்லைப் பக்கம் ஒரு குக்கிராமம். ஒரு பள்ளிவாசல், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு மளிகைக் கடை, எங்கள் தையல் கடை. அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை கல்லும் மண்ணும்தான். வளைகுடாவில் குளிரா என்று சிரிக்காதீர்கள். காலையில் வாளித் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும்.

அதற்கு முன் ஷார்ஜா ரோலாவில் ஒன்பது வருஷம் லேடீஸ் டெய்லராக இருந்தேன். கடையை மூடிவிட்டார்கள். ஊரில் ஆறு மாதம் சும்மா உட்கார்ந்திருந்து, ஏஜென்ட்டைப் பிடித்து இந்த விசாவில் வந்தேன். 'டெய்லர்' என்றுதான் போட்டிருந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, தைக்க வேண்டியது துணி இல்லை, ஆட்டுத்தோல் என்று. ஃபர்வா என்பார்கள். வெளியே கெட்டித் துணி, உள்ளே ரோமத்தோடு தோல் வைத்து, கணுக்கால் வரை தொங்கும் குளிர் அங்கி. போனில் சொன்னதும் என் மனைவி, "ஆட்டுத்தோலு தைக்கவா ஏரோப்ளேன் ஏறிப் போனீய?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடையில் என்னோடு இருந்தவர் ஒரு பெஷாவர்க்காரர். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தாறு. முகம் எப்போதும் உர்ரென்று இருக்கும். நான் கத்தரியை எடுத்தாலே பிடுங்கி வைத்துவிடுவார். கத்தரி போட்டால் ரோமமும் சேர்ந்து போய்விடுமாம். பின்பக்கம் பிளேடு வைத்து தோலை மட்டும் கீற வேண்டுமாம். குண்டூசியும் கூடாது. துணியில் விழுந்த ஓட்டை மறைந்துவிடும், தோலில் அப்படியே நிற்கும். இரண்டு மாதமாக எனக்குக் கிடைத்ததெல்லாம் கழித்துப் போட்ட துண்டுத் தோல்தான். விரல் முழுக்கக் காயம், கழுத்து வலி. ரூமுக்குப் போனால் சாப்பிடக்கூடத் தோன்றாது.

விசா கொடுத்த கஃபீல், எங்கள் கடை முதலாளி, ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். மூன்று மாதத்துக்குள் தோல் வேலை வராவிட்டால் கலாஸ், கதை முடிந்தது, ஊருக்கு டிக்கெட். ஏற்கெனவே ஒரு தடவை வேலை இல்லாமல் திரும்பியவன் நான். மறுபடியும் எங்கள் தெருவில் பெட்டியோடு போய் இறங்க என்னால் முடியாது.

அன்று காலை பெஷாவர்க்காரர் பல்வலி என்று டவுனுக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான் கடையில். ஒட்டகம் மேய்க்கும் சூடான் நாட்டுக்காரர் ஒருவர், முதுகுப் பக்கம் கிழிந்த ஃபர்வாவோடு வந்தார். சாயங்காலத் தொழுகை முடிந்ததும் தண்ணீர் லாரியில் பாலைவனத்துக்குக் கிளம்புகிறார். திரும்பி வர இருபது நாள் ஆகும். அவருக்குப் பகலில் உடுப்பு, ராத்திரியில் படுக்கை எல்லாமே அது ஒன்றுதான்.

பெஷாவர்க்காரர் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவையாவது நான் யாரென்று காட்ட வேண்டாமா? வாங்கிவிட்டேன். வெளித்துணியைப் பிரித்து, தோலில் இருந்த கிழிசலை நெருக்கமாகத் தைத்தேன். நன்றாகவே வந்தது. தையல் மட்டும் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், கை தானாக இஸ்திரிப் பெட்டிக்குப் போயிற்று. தண்ணீர் தெளித்து அழுத்தி ஒரு இழு.

ஐயோ! எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி தோல் சுருண்டுகொண்டது. இரண்டு கை அகலத்துக்கு விறைத்துப் போய்விட்டது. பதறிப்போய் இழுத்துப் பார்த்தேன், பட்டென்று கிழிந்தது. கடை முழுக்கப் பொசுங்கின நாற்றம்.

மதியம் வீங்கின கன்னத்தோடு பெஷாவர்க்காரர் உள்ளே வந்தார். நாற்றமே அவருக்குச் சொல்லிவிட்டது. தோல் பழசு, மட்கியிருந்தது என்று ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட என்னிடம் தெம்பில்லை. அரைகுறை ஹிந்தியில், "நான்தான் பாய், இஸ்திரி போட்டேன். கஃபீல்கிட்ட சொல்லிடுங்க, நான் போயிடறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பின்னால் போய் ஒரு வெள்ளைத் தோலோடு வந்தார். லீவில் போகும்போது அப்பாவுக்கு மேல்சட்டை தைக்கவென்று ஒதுக்கி வைத்திருந்த தோல் அது. என்னைத் தொடக்கூட விட்டதில்லை. அதை என் முன்னால் போட்டு, பிளேடையும் வைத்தார்.

"நீங்க வெட்டுங்க பாய். இதையும் கெடுத்துட்டேன்னா?"

"கெட்டா கெடட்டும். கெடுத்தது நீ, நீயே தை. யல்லா, சீக்கிரம், லாரி போயிடும்."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் கெட்டுப்போன பாகத்தை அறுத்து எடுத்தேன். அதே அளவுக்கு அவருடைய தோலைக் கீறினேன். வைத்துத் தைக்கப் போனபோது ஒரே ஒரு தடவை என் கையைப் பிடித்து, ரோமம் கீழ்நோக்கிப் படியும்படி துண்டைத் திருப்பி வைத்தார். வெளியே வந்த ரோமத்தை ஊசி முனையால் உள்ளே தள்ளித் தள்ளித் தைத்தேன். இஸ்திரிக்குப் பதில் சுத்தியல் பிடியால் தட்டிப் படிய வைத்தேன். வெளித்துணியையும் மூடித் தைத்து முடிக்கும்போது சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

சூடான்காரர் வந்ததும் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் போட்டுப் பார்த்து, தோளைக் குலுக்கி, "மாஃபி முஷ்கில்", பரவாயில்லை என்று சிரித்தபடி லாரிக்கு ஓடினார். அன்று கஃபீல் வந்து என்னைக் காட்டி என்னவோ விசாரித்தார். "வேலை வந்துவிட்டது" என்றார் பெஷாவர்க்காரர். அவ்வளவுதான். என் டிக்கெட் பேச்சு அதோடு நின்றது. பிப்ரவரியில் அவர் ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு டவுனில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு போனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவருக்கு நன்றி சொல்லி இதை முடித்துவிடலாம், ஆனால் மனசு விடவில்லை. நான் ரோலாவில் இருந்தபோது ஒரு புது டெய்லர் என்னிடம் வேலை பழக வந்தார். முதல் வாரமே பட்டு பிளவுஸ் ஒன்றைத் தவறாக வெட்டிவிட்டார். 'இந்த ஆள் தேறமாட்டார்' என்று முதலாளியிடம் சொல்லி மறுநாளே அனுப்ப வைத்தவன் நான். இப்போது தோலில் பிளேடை வைக்கும்போதெல்லாம் என் முன்னால் வந்து நிற்பது பெஷாவர்க்காரர் இல்லை, நான் அனுப்பி வைத்த அந்த மனிதர்தான்.