மூடுபனியில் சாம்பல் சட்டை

டுபாயில் நான் வேலை செய்கிற ஹோட்டலின் சலவைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா இருட்டா என்பதைக் கைத்தொலைபேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வருடத்தில் ஒரு பருவத்தை மட்டும் எதையும் பார்க்காமலே சொல்லிவிடலாம். பிலிப்பைன்ஸ்காரர்கள் சட்டையைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தால், அவர்கள் ஊரில் கூடைப்பந்துப் போட்டிகள் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். ஆட்டத்தைப் பற்றி அல்ல, சட்டையைப் பற்றி. இந்த வருடம் நீலம் ஏன் இவ்வளவு வெளிறிக் கிடக்கிறது, விளம்பரக்காரன் பெயர் ஏன் நம்பரை விடப் பெரிதாக இருக்கிறது, காற்சட்டை ஏன் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது என்று மேசை விரிப்புகளை மடித்துக்கொண்டே மணிக்கணக்கில் பேசுவார்கள். நாள் முழுக்கத் துணியிலேயே கிடந்துவிட்டு, ஓய்வு நேரத்திலும் துணியைப் பற்றியே பேசுகிறார்களே என்று முதல் வருடம் எனக்கு ஆச்சரியம். இது பதினோராவது வருடம். ஆச்சரியமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோய் அலுப்பு மட்டும் மிச்சம்.

அவர்களுடைய இரண்டாவது புகார் வர்ணனையாளர்களைப் பற்றியது. ஆடி ஓய்ந்த பழைய நட்சத்திரங்களின் கையில் மைக்கைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்களாம். அவர்கள் வாயைத் திறந்தாலே "எங்கள் காலத்தில்" தானாம். ரொமெலுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ரொமெல் இஸ்திரி இயந்திரத்தில் நிற்பவன். ஈரத்துணி ட்ராலியை ஒரு நீண்ட நடை வழியே தள்ளிக்கொண்டு நான் அவனிடம் வர வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணுவதை இருவருமே விட்டுவிட்டோம். "ஹீ நோ வாட்ச் கேம், குமார். ஹீ வாட்ச் ஹிம்செல்ஃப்" என்று தலையில் அடித்துக்கொள்வான். "யெஸ் யெஸ், வெரி பேட்" என்பேன் நானும். பிற தேசத்து மனிதனோடு நான் மனம்விட்டுக் கலந்துகொள்கிற பேச்சு என்றால் அது இந்த ஒன்றுதான். நானும் ஒரு காலத்தில் ஆடியவன் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. "ஸ்ரீலங்கா ஒன்லி கிரிக்கெட்" என்றான். எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்தின் படத்தை எடுத்துக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "வாட் ஹாப்பன்? ஃபயர்?" என்று கேட்டான். புகையில்லை, மேகம், எங்கள் வீடு அதற்குள்தான் இருக்கிறது என்றேன். ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஆனால் நான் ஆடியது நிஜம். தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், மூடிக்கிடந்த தொழிற்சாலைக்கு முன்னால் ஒரு சிமெந்துத் தரை உண்டு. டவுன் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விளையாட்டு மாஸ்டர் ஒருவர் எங்களில் ஐந்து பேருக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கிவிட்டுப் போனார். வளையத்தை நாங்களே இரும்புக் கம்பியில் ஒட்டவைத்துச் செய்து மாட்டினோம். எங்கள் சட்டை நல்ல செக்கச்செவேல். அழகுக்காக அல்ல. பிற்பகல் மூன்று மணிக்குப் பனி இறங்கிவிட்டால் சிவப்பைத் தவிர வேறெதுவும் அங்கே கண்ணில் படாது, அதனால்தான். கந்தப்பளைப் பக்கத்து அணியோடு ஆடிய ஓர் ஆட்டத்தில், கடைசி நொடியில் நான் பாதித் தரையிலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. அந்த ஒரு பந்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டிவிட்டேன் என்று என் மனைவி சாந்தி இப்போதும் கிண்டல் பண்ணுவாள்.

நான் விமானம் ஏறும்போது மகள் தர்ஷினிக்கு ஐந்து வயது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் லீவு. அந்த முப்பது நாளும் எனக்குத் தூக்கமும் சொந்தக்காரர் வீடும் கோயிலுமாகப் போய்விடும், அவளுக்குப் பள்ளிக்கூடமும் டியூஷனுமாகப் போய்விடும். இந்த வருடம் அவளுக்குப் பதினாறு. போன கார்த்திகையில் தொலைபேசியில் முகம் பூராவும் சிரிப்பாக வந்து நின்றாள். கீழ்ப்பிரிவில் முதல் தடவையாகப் பெண்கள் அணி ஒன்று எடுத்திருக்கிறார்களாம், தைப்பொங்கல் முடிந்து முதல் போட்டியாம், இவள் நம்பர் பதினொன்றாம்.

"அப்பா, ஒங்க லீவு அப்பத்தானே? நீங்கதான் மைக் புடிக்கணும். முனியாண்டி மாமாகிட்ட சொல்லிட்டேன். நான் கூடை போட்டா எம் பேர நீங்க சொல்லணும், ஸ்பீக்கர்ல. தோட்டம் பூரா கேக்கணும்."

"ஏன், சாந்தி மகள்னா தோட்டத்துக்குத் தெரியாதா?"

"அம்மா மகள்னு தெரியும். நீங்க சொல்லணும்ப்பா."

சொல்கிறேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவள் என்னிடம் சாமான் எதுவும் கேட்காமல் வைத்த முதல் வேண்டுதல் அது. இஸ்திரி மேசையில் அன்று ரொமெலிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

லீவுக்குப் போய் இறங்கிய மறுநாளே சட்டையைக் காட்டினாள். எனக்குப் பகீரென்றது. வெளிறிய சாம்பல் நிறம், அதன்மேல் வெள்ளையில் நம்பர். தொலைபேசியில் பார்த்துப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்ததாம். "ஏம்மா, பனியில யாராவது சாம்பல் கலர்ல போடுவாங்களா? ஆளே தெரியாதே" என்றேன். "அப்பா, செவப்பெல்லாம் பழைய காலம். இப்ப இதுதான் ஸ்டைல்" என்றாள். அன்று முழுக்க அந்தச் சட்டையைப் பற்றியே முனகிக்கொண்டிருந்தேன். சாந்திக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, வந்ததுலேர்ந்து சட்டையவே பாக்குறீங்களே, அதப் போட்டிருக்கிற புள்ளயப் பாருங்க" என்றாள். ரொமெல் கூட்டத்தின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது என்று சொல்லிச் சிரித்து மழுப்பினேன்.

போட்டியன்று மூன்று மணிக்குத்தான் ஆரம்பித்தார்கள். நாட்டாமைத்தனம் பண்ணுகிறவர்கள் எல்லாம் பேசி முடிக்க வேண்டுமே! பனியும் சொல்லிவைத்தாற்போல வந்து இறங்கியது. என்னோடு ஆடிய முனியாண்டிதான் இப்போது மைக்செட் வைத்திருக்கிறான். பக்கத்தில் நாற்காலி போட்டு, "நம்ம பழைய ஸ்டார் டுபாய் குமார்" என்று அறிவித்து மைக்கைக் கையில் கொடுத்தான். கூட்டம் கைதட்டியபோது உடம்பே லேசாகிவிட்டது எனக்கு. தர்ஷினி முதலில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். நம்பர் ஒன்றும் தெரியவில்லை. பத்துப் பிள்ளைகளும் பனிக்குள் நிழல் மாதிரி ஓடினார்கள். ஆனாலும் நான் அசரவில்லை. எங்கள் ஆட்களின் ஓட்டம் எனக்குத் தெரியாதா? குனிந்து குனிந்து ஓடுகிறவள் என்னோடு ஆடிய சேகரின் மகள், அவனும் அப்படித்தான் ஓடுவான். பந்தைத் தட்டும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கிறவள் முனியாண்டியின் மகள். ஓட்டத்தைப் பார்த்தே அப்பன் பெயரைச் சொல்லச் சொல்லக் கூட்டத்தில் ஒரே ஆரவாரம். "குமாரு, மறக்கலடா நீயி!" என்று யாரோ கத்தினார்கள்.

அந்த ஆரவாரத்தில்தான் புத்தி கெட்டுப்போனேன். இடையில் ஒரு நிமிடம் ஆட்டம் நின்றதும் கந்தப்பளைக் கதையை ஆரம்பித்துவிட்டேன். "எங்க காலத்துல, இதே தரையில, கடைசி செகண்ட்ல..." என்று பாதித் தரையிலிருந்து பந்தை எறிந்து, அது வளையத்தில் சுற்றிச் சுற்றி விழுகிறவரை சொன்னேன். ஆட்டம் திரும்ப ஆரம்பித்ததுகூட எனக்குத் தெரியவில்லை. கதையை முடித்துவிட்டு நிமிர்ந்தால், பந்தை எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை பாய்ந்துகொண்டிருக்கிறாள். இடது தோளைத் தாழ்த்தி, வலது காலை வெளியே வீசி, என்ன வேகம்! யாருடைய ஓட்டம் இது? என்னோடு ஆடிய நான்கு பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒருவனும் இப்படி ஓடியதில்லை. பந்து வளையத்துக்குள் விழுந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. மைக்கை வாயோடு வைத்துக் கத்தினேன்.

"யாரு பெத்த புள்ளயோ தெரியலங்க, என்னமா ஓடுது பாருங்க! வெளித்தோட்டத்துப் புள்ளயா?"

முதலில் சிரிப்பு. நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். பிறகு, ஜோக் இல்லை என்று புரிந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முனியாண்டி என் முழங்கையைப் பிடித்தான்.

"டேய், ஒம் மகடா. எப்பவோ எறக்கிட்டாங்க."

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். அவள் இடத்தில் வேறு பிள்ளை இருந்தாள். "தர்ஷினி" என்று மைக்கில் சொன்னேன். பந்து அதற்குள் எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. மிச்ச நேரத்துக்கு மைக்கை முனியாண்டியிடம் கொடுத்துவிட்டு, மனைவி பக்கம் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து, எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் தர்ஷினி சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். "கொண்டா, நான் அலசுறேன். இதுதானே எந் தொழில்" என்றேன். கொடுக்கவில்லை.

"பரவால்லப்பா. பனிதானே" என்றாள். பிறகு சட்டையைப் பிழிந்துகொண்டே, "அடுத்த தடவ நம்பர பெருசா அடிக்கச் சொல்றேன். ஒங்களுக்குத் தெரியிற மாதிரி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஒரு வெளியாளுக்கு வழி சொல்வதுபோல அவ்வளவு பொறுமையாகச் சொன்னாள். பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து இந்த ஊர்களில் கிடக்கிறவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. தினமும் வீடியோவில் முகத்தைப் பார்க்கிறோம். கழுத்துக்குக் கீழே பிள்ளை எப்படி வளர்ந்தது, எப்படி நடக்கிறது என்று அந்தச் சின்னக் கண்ணாடி காட்டுவதில்லை.

லீவு முடிந்து வந்து ஒரு வாரத்தில், முனியாண்டி அந்த ஆட்டத்தின் வீடியோவை அனுப்பினான். தேநீர் இடைவேளையில் நடைவழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் குரல் மூச்சுவிடாமல் கந்தப்பளைக் கதையை அளந்துகொண்டிருக்க, திரையின் ஓரத்தில் ஒரு பிள்ளை பெஞ்சிலிருந்து எழுந்து தரைக்குள் ஓடினாள். ஓடும்போது மைக் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் பேசிக்கொண்டிருந்தேன்.

ரொமெல் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "ஃபயர் அகெய்ன்" என்றான் சிரித்துக்கொண்டே. பிறகு, கேட்க வேண்டுமா, சட்டைதான். "பேட் ஜெர்சி. நோ சீ நம்பர். ஹூ இஸ் டாக்கிங்? டாக் டாக் டாக்." அது நான்தான் என்றேன். பந்தோடு பிள்ளை பாய்ந்த இடம் வந்ததும் திரையில் விரலை வைத்தான்.

"திஸ் ஒன். யுவர் டாட்டர்."

ஒரு தடவைகூட அவளை நேரில் பார்த்திராதவன். படத்தில் முகம்கூடத் தெரியவில்லை. "ஹவ் யூ நோ?" என்று கேட்டேன்.

ரொமெல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நடையின் அந்தக் கோடிக்குப் போனான். இல்லாத ட்ராலி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்தான். இடது தோளைத் தாழ்த்தி, வலது காலை வெளியே வீசி, என்னை நோக்கி ஓடி வந்தான். மடிப்பு மேசையில் நின்ற பெண்கள் எல்லோரும், "குமார்! குமார்!" என்று கைகொட்டிச் சிரித்தார்கள். ஜன்னல் இல்லாத அந்தக் கூடத்தில் அத்தனை பேருக்கும் என் ஓட்டம் தெரிந்திருக்கிறது.

நான் தொலைபேசியை அணைக்கவில்லை. அதில் பனிக்குள் அவள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஒன் மோர் டைம், ரொமெல்" என்றேன்.