தண்ணீரை நிறுத்தினேன், மயங்கி விழுந்தேன்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பகலிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். ஒருநாள் உலை அருகே மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது பேன்ட் நனைந்திருந்தது. கூட வேலை செய்பவர்கள் சுற்றி நின்றார்கள். கூனிக் குறுகிப் போனேன்.

ஆஸ்பத்திரியில் மருத்துவரிடமும் “உலைச் சூடுதான் சார்” என்று மழுப்பினேன். என் மனைவி விடவில்லை.

“நைட்டெல்லாம் பாத்ரூம் போய்க்கினே இருக்காரு டாக்டர். இன்னான்னு கேட்டா எரிஞ்சு வுழறாரு.”

பரிசோதனையில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தது.

“சர்க்கரையாலதான் அடிக்கடி போகுது. தண்ணியை நிறுத்தினது உயிருக்கே ஆபத்து,” என்றார் மருத்துவர். மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது மாத்திரையைத் தவறவிடுவதில்லை. பகலில் தாராளமாகத் தண்ணீர் குடித்து, படுக்கும் முன் மட்டும் குறைத்துக்கொள்கிறேன். எங்கள் ஷிப்டில் யாராவது சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுந்து தூக்கம் கெடுவதாகச் சொன்னால், எனக்கு நேர்ந்ததைச் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். சொல்லும்போது இன்னமும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

– ஒரு வாசகர், கவரைப்பேட்டை